கேபிளுக்கு முன்னால் போன விரல்

பட்டினப்பாக்கத்தில் நான் மீன் ஏற்றும் பிக்கப் வண்டியின் டிரைவர் கேபினில் இன்வெர்ட்டர் பொருத்த, பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் கேபிள் இழுக்க வந்தார் ஒரு எலக்ட்ரீஷியன். காதில் டெஸ்டரைச் செருகியிருந்த மெலிந்த மனிதர். கேபின் தகரத்தில் துளை போட்டதும் கேபிளை நுழைக்கவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றினார். ரத்தம் வந்தது.

“இன்னாண்ணா இது? அதான் ஓட்டைக்கு ரப்பர் வளையம் மாட்டப் போறீங்களே!” என்றேன் எரிச்சலாக.

“ரப்பர் ஒருநாள் தேஞ்சிடும் நைனா. அப்பால இந்தத் தகரம் கேபிளை அறுக்கும். வலிக்குதுன்னு சொல்ல அதுக்கு வாயா கீது? வண்டி பத்திக்கினாதான் தெரியும்.”

துளையின் விளிம்பை அரத்தால் ராவினார். அடுத்த விரலை விட்டார், கீறவில்லை. பிறகுதான் ரப்பரை மாட்டிக் கேபிளை இழுத்தார்.

கடைசியில், கேபிளுக்குச் சுற்றிய இன்சுலேஷன் டேப்பில் ஒரு சாண் மிஞ்சியது. விரலுக்குச் சுற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அதையும் கேபிளுக்கே சுற்றிவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டார்.