வீரம்மா எடுத்த ஆசிட்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை மறைத்து ஒரு பயனும் இல்லை. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணி. வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில் பாதி. மீதி, ஆசிட் ஜாடிகளுக்குக் காவல். ரப்பர் பாலை உறைய வைக்க அந்த ஆசிட் வேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மனம் உடைந்தவர்கள் அதைக் குடித்துச் செத்ததும் உண்டு. 1972இல் ஒரு பெண் அப்படிப் போனாள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஜாடியிலும் ஆசிட் நிற்கும் மட்டத்தில் சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தேன்.

வீரம்மா அதற்கு அடுத்த வருஷம் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். இங்கேயே பிறந்தவள்தான். லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனாள். அவன் ஒருநாள் தஞ்சோங் மாலிம் பக்கம் சரக்கேற்றிப் போனவன், திரும்பவே இல்லை. இவள் ஒரு சீன முதலாளியின் துணிப் பட்டறையில் எட்டு வருஷம் வெளுப்புத் தொட்டியில் நின்றாள். அப்பா படுக்கையில் விழுந்ததும் பார்த்துக்கொள்ள வந்தாள். அவர் போன பிறகு அதே லயத்து வீட்டில் தனியாக இருந்துகொண்டு என் ஸ்டோரில் ரப்பர் தகடு உருட்டினாள். விரல் நுனிகள் வெளிறிப்போய்ச் சுருங்கியிருக்கும். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். பேசாதவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அப்போது என் முடிவு.

1974 திருவிழாவுக்கு இருபத்தொரு பேர் தீமிதிக்க நேர்ந்திருந்தார்கள். எங்கள் கோயிலில் அவர்களுக்குக் கோயிலே மஞ்சள் துணி கொடுக்கும். கடைச் சாயம் ஆகாது, மஞ்சளில்தான் முக்க வேண்டும். அந்த வருஷம் வாங்கி வந்தது பழுப்பேறிய கோராத் துணி. அதில் மஞ்சள் எடுபடாது. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பத்துமலைதான் கோயில் தலைவர். அவர் வீரம்மாவைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார். அவள் ஈப்போவிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் வாங்கி வந்தாள். ஒரே பகலில் கோரா பால்போல வெளுத்துவிட்டது. வெயிலில் பத்து நாள் போட்டாலும் அந்த வெள்ளை வராது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் நடக்கிற எதிலும் ஏதோ கோளாறு இருக்கும்.

மறுநாள் அவள் மஞ்சளில் முக்கினாள். துணி மஞ்சளாகவில்லை, ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்தது. இருபத்தொன்றும் அப்படியே.

கோயில் வாசலில் கூட்டம் கூடியது. பத்துமலை துணியைத் தொடவே இல்லை.

“ஆத்தாளுக்குக் கோவம் வந்திருச்சி லா. இந்தத் துணியக் கட்டிக்கிட்டு எவன் தீயில எறங்குவான்? நீ என்னா செஞ்ச, வீரம்மா? சுத்தமா இருந்தியா?”

அவ்வளவு பேர் முன்னால் அப்படிக் கேட்டார். அவள், வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவதற்குள் சரிசெய்கிறேன் என்று மட்டும் சொல்லித் துணிகளை அள்ளிக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலையில் ஸ்டோரில் என் முன்னால் வந்து நின்றாள்.

“கிராணி ஐயா, கொஞ்சம் ஆசிட் வேணும்.”

“உனக்கு என்னத்துக்கு ஆசிட்?”

“துணிக்கு.”

ஆசிட் பட்டால் துணி பொத்தலாகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தனியாக இருக்கிற பெண், நேற்றுத்தான் ஊர் முன்னால் அவமானப்பட்டவள், இன்று ஆசிட் கேட்கிறாள். குடித்துவிடுவாளோ என்று பயந்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். “போய் வேலையைப் பார்” என்றுதான் சொன்னேன்.

மறுநாள் ஒரு ஜாடியில் ஆசிட் என் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

நேரே அவளிடம் போயிருக்க வேண்டும். நான் மேனேஜரிடம் போனேன். எவளாவது குடித்துச் செத்தால் என் தலை தப்ப வேண்டுமே, அதுதான் காரணம். மேனேஜர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: எடுத்தது யார் என்று நாளைக்குள் பெயர் வர வேண்டும், அந்த ஆளுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். வீரம்மாவுக்கு வேறு வீடு கிடையாது.

அன்று வேலை விட்டதும் அவள் தூக்குச்சட்டியோடு ஆற்றுப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே போனேன். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் தோங் என்கிற தகரப் பீப்பாய் இரண்டு வைத்திருந்தாள், இரண்டிலும் தண்ணீர். தூக்குச்சட்டியைத் திறந்ததுமே ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

அவள் கையை உதறினாள். “குடிக்க எடுத்தேன்னு நெனச்சீங்களா?”

நான் தூக்குச்சட்டியையே பார்த்தேன்.

“நல்லா பாருங்க.”

ஒரு தோங்கில் ஆசிட்டைக் கொஞ்சமாகச் சாய்த்துக் கலக்கினாள். சிவந்த துணி ஒன்றை எடுத்து அமுக்கினாள். துணி நனைந்த இடமெல்லாம் என் கண் முன்னால் சிவப்பு விட்டு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. மற்றத் தோங்கில் அலசி அவள் தூக்கிப் பிடித்தபோது அசல் மஞ்சள். இழுத்துப் பார்த்தேன். கிழியவில்லை. மறுபடியும் இழுத்தேன்.

“இன்னும் நம்பிக்கை இல்லயா?” என்றாள். பிறகு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். “பவுடருன்னா வேற என்னா, சுண்ணாம்புதான். அதுக்குள்ள ஒரு வாயுவ ஏத்தி வெச்சிருக்கான். வாயு துணிய வெளுத்திட்டுப் போயிரும். சுண்ணாம்பு துணியிலேயே தங்கிரும், எத்தனை தடவ அலசினாலும். அது மேல மஞ்ச பட்டா செவக்காம என்னா செய்யும்? ஆரத்தி கரைக்கிறவளுக்குத் தெரியாதா? பட்டறையில கடைசியா ஒரு புளிப்புத் தொட்டி இருக்கும். அது வேற ஆளு வேலை. எட்டு வருசம் நான் வெளுப்புத் தொட்டிய விட்டு நகந்ததே இல்ல. அந்தத் தொட்டி எதுக்குன்னு இப்பத்தான் வெளங்குது.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு நானும் இதையெல்லாம் படித்தவன். ஐரோப்பாவில் முன்பு துணியைச் சாம்பல் நீரில் வேகவைத்து, புளித்த மோரில் ஊறவைத்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துப் போட்டு வெளுத்தார்கள். மோருக்குப் பதில் அமிலம் வந்தது. வெயிலுக்குப் பதில் குளோரின் வந்தது. அதைச் சுண்ணாம்பில் அடைத்துப் பவுடராக்கியதும் மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. எல்லாம் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஆசிட் ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் துணிக்கு ஆசிட் கேட்டபோது அதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மேனேஜர் பெயரைக் கேட்டார்.

“நான்தான் கொடுத்தேன், சார். கோயில் துணிக்காக, வீரம்மாவிடம். கொடுத்ததை மறந்துபோய் உங்களிடம் புகார் சொல்லிவிட்டேன்.”

“உமக்கா மறதி?” என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வெளி வராந்தாவில் பத்துமலை நின்றிருந்தார். அவர் காதில் விழுந்ததைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஒரு பெண்ணின் வேலையையும் வீட்டையும் காப்பாற்றிவிட்ட பெருமையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை இருபத்தொரு துணியும் மஞ்சளாக வந்து சேர்ந்தது. தீமிதி நல்லபடியாக முடிந்தது. ஆத்தாள் கோபம் என்று யாரும் மறுபடி பேசவில்லை. பேச வேறு விஷயம் கிடைத்திருந்தது. கள்ளுக்கடையில் பத்துமலை சொன்னதாக என் காதுக்கே வந்தது:

“அந்த ஜாடின்னா கிராணிக்கு உசுரு லா. நமக்கு ஒரு சொட்டு குடுத்திருப்பாரா? கல்யாணம் ஆகாத ஆளு, தனியா இருக்கிற பொம்பளைக்குக் குடுத்திட்டு மேனேஜர்கிட்ட மறந்துட்டேங்கிறாரு. சும்மாவா குடுப்பாரு?”

திங்கட்கிழமை வீரம்மா என் ஸ்டோர் ஆபீசுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலிலேயே நின்றாள்.

“நீங்க குடுத்ததாச் சொன்னீங்களாமே?”

“உன் வேலைக்காகத்தான். வீடும் போயிருக்குமே.”

“நான் கேட்டேனா? ஆசிட் கேட்டப்ப குடுக்கல. கேக்காதத எதுக்குக் குடுத்தீங்க? திருடின்னு சொல்லியிருந்தா நானே மேனேஜர்கிட்ட வந்து, ஏன் எடுத்தேன்னு துணியக் காட்டிச் சொல்லியிருப்பேன். பாதிப் பேராவது நம்பியிருப்பாங்க. இப்ப நான் எதச் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “உண்மையச் சொல்லுங்க. எங்கிட்ட என்னா எதிர்பார்த்து அப்படிச் சொன்னீங்க?”

“ஒன்றும் இல்லை” என்றேன். அது சத்தியம். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். வீட்டுச் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டு அன்றைக்கே ஈப்போ பஸ் ஏறினாள்.

பழைய பட்டறையிலேயே அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நாளடைவில் தொட்டிகள் எல்லாவற்றுக்கும் அவளே மேற்பார்வை என்று கேள்விப்பட்டேன். 1983இல் ஒருநாள், மன்னிப்புக் கேட்டே தீருவது என்று போனேன். ஒன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்து அறுத்தது. பட்டறை வாசலுக்கு உள்ளே ஏழெட்டுப் பெண்கள் துணி பிழிந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் தொட்டியருகே வீரம்மா. என்னைப் பார்த்துவிட்டாள். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

ஒரு பெண் நிமிர்ந்து, “யாரப் பாக்கணும் அண்ணே? வீரம்மாக்காவையா? நீங்க அவங்களுக்கு என்னா வேணும்?” என்றாள். மற்றவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வாய்வரை வந்த அவள் பெயரை விழுங்கிக்கொண்டேன்.

“யாரையும் இல்லை. துணி வெளுக்க எத்தனை நாளாகும் என்று கேட்க வந்தேன்” என்றேன்.

“ஒரு நாளுதான் அண்ணே.”

சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.