காதர் பாய்க்கு எதற்கு அசாம் காடு?

இன்று காதர் பாயும் நானும் ராயபுரத்தில் கப்பல் டிக்கெட் ஏஜெண்டைப் பார்க்கப் போனோம். கல்கத்தா வரை கப்பல், அங்கிருந்து ஆற்று ஸ்டீமரில் அசாம் காடுகள், திரும்பி வர ரயில். எல்லாம் பாயின் யோசனை.

எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. தன் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையை ஒரு நாளும் பூட்டாத மனிதர், படகு என்றாலே பயப்படுபவர்.

ஏஜெண்ட் யானை, காண்டாமிருகம் என்று ஆசை காட்டினார். பாய் அதைக் கவனிக்கவே இல்லை. "ஸ்டீமர்ல சமைக்கிறவங்க நம்மூர் ஆளுங்களா?" என்று கேட்டார்.

காடு பார்க்கப் போகிறவர் சமையல்காரரை ஏன் விசாரிக்கிறார்? ஆள் வைத்துச் சரக்குக் கடத்தும் விவகாரமோ என்று பயந்து, அவரை வாசலுக்கு இழுத்து வந்தேன்.

"இன்னா பாய், யாரைத் தேடிக்கினு போறீங்க?"

பாய் ஏஜெண்டின் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் தம்பியத்தான். என்னாண்ட சண்ட போட்டுக்கினு வூட்ட வுட்டுப் போனவன், அந்த ஸ்டீமர்ல சமைச்சிக்கினு கீறானாம். நான் தனியா போனா மூஞ்சத் திருப்பிக்குவான். நீ கூட இருந்தா பேசுவான், தோஸ்து."

இருவரும் உள்ளே போனோம்; கப்பலுக்கு இரண்டு இடம் கேட்டேன்.

"ரயிலுக்கும் ரெண்டு பேர்தானே?" என்றார் ஏஜெண்ட்.

"வர்றப்போ மூணு," என்றார் பாய்.

காலையிலிருந்து அவர் சொன்ன எதையும் நம்பாத நான், இதை மட்டும் நம்பித் தலையாட்டிவிட்டேன். நீங்களாக இருந்தால்?