வளையலில் மாட்டிய ஊக்கு

இனிமேல் வீட்டிலிருந்து குப்பை என்று ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று என் மனைவி முடிவெடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வேங்கிக்கால் வீட்டுக் காய்கறித் தோலெல்லாம் ஓர் எவர்சில்வர் வாளியில் சேர்ந்து எதிர்வீட்டு மாட்டுக்குப் போகிறது. இன்று காலை அவள் சுரைக்காய்த் தோலை வழித்துப் போட்டபோது, வாளி விளிம்பில் ஏதோ பட்டு ணங்கென்று உள்ளே விழுந்தது. நான் எழுந்து வாளியருகே போனேன்.

நான் சிறுவனாக இருந்தபோது, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் குப்பைத்தொட்டியே கிடையாது. தோல், வடிகஞ்சி, அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். புளித்த வாடையடிக்கும் அந்தத் தொட்டியில் ஒருநாள் அம்மா கழனித்தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து, முந்தானை குத்த வளையலைத் தடவினாள். அதில் எப்போதும் தொங்கும் ஊக்கைக் காணோம். அலறிக்கொண்டு ஓடினாள்.

"கன்னிம்மா, மாட்ட இழுடி! தண்ணியில ஊக்கு வுழுந்துடுச்சு!"

இருவரும் தோள்வரை கைவிட்டுத் துழாவினார்கள். மாடு வாயோரம் நீர் சொட்டச் சொட்ட நின்றது. ஊக்கு கிடைக்கவேயில்லை. சில நாளில் மாடு தீனி எடுக்காமல் படுத்தது, பிறகு எழவில்லை. கன்னியம்மா திட்டியிருந்தாலாவது தேவலை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் வாளிக்குள் கைவிட்டேன்.

"என்னங்க, அதுல போயி என்னா தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"உன் வளையல்ல ஊக்கு இருக்குதா பாரு."

பார்த்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் கையை விட்டாள்.