ஆன்ட்டி முன்னால் நான் சாப்பிட்ட கேசரி

அமெரிக்காவில், இர்விங் நகரில் என் எதிர் வீட்டுக்கு, மகளைப் பார்க்க ஈரோட்டிலிருந்து ஒரு ஆன்ட்டி வந்திருக்கிறார். மகள் ஆபீஸ் கிளம்பியதும் பிரிட்டிஷ் தொடர் கொலைகாரர்களைப் பற்றிய வீடியோக்களோடு உட்கார்ந்துவிடுவார்.

நேற்று எனக்குப் புளிக்குழம்பு கொடுத்திருந்தார். டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே என்று, இன்று அதில் கேசரி போட்டு எடுத்துப் போனேன்.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

"ஏன் ஆன்ட்டி?"

"இன்னிக்கு ஒரு லண்டன் கேஸ் பார்த்தேனுங்க. பக்கத்து வீட்டுக்கே இனிப்புல விஷம் வெச்சுட்டான். தனியா இருந்தவன். ரொம்ப அமைதியான பையன்னு தெருவே சொல்லுது."

நானும் தனியாகத்தான் இருக்கிறேன். அமைதியாகச் சாப்பிட்டேன்.

விஷம் வேலை செய்யப் பத்து நிமிஷம் ஆகுமாம். அதுவரை என்னை சோபாவில் உட்காரவைத்து, எந்தெந்த விஷத்துக்கு ருசியே கிடையாது என்று விளக்கினார். பிறகு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இத்தனை விஷத்தின் பெயரும் தெரிந்தவர் அவர்தான்.

கிண்ணத்தில் மாற்றி வைத்த புளிக்குழம்பு இன்னும் தொடாமல் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இன்று யாராவது சாப்பிட வருகிறீர்களா?