ஃபெர்னுக்கு நிழல், பிள்ளைக்கு வெயில்

மைசூரில் பிளேக் வந்த வருஷம், எங்கள் வீட்டிலும் எலி செத்து விழுந்தது. மறுநாளே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. கிடைத்தது ஒரே ஒரு மாட்டுவண்டி. அதில் என் கணவர் முதலில் ஏற்றியது அரிசி மூட்டையை அல்ல, கைக்குழந்தையின் தூளியையும் அல்ல. அவருடைய ஃபெர்ன் தொட்டிகளை.

ஃபெர்ன் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீப்பு மாதிரி இலை. பூக்காது, காய்க்காது. குழம்புக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது. ஆபீஸ் துரை தன் வராந்தாவில் வைத்திருந்தார். கழித்துப் போட்டதில் கொஞ்சம் இவருக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து இவரும் பாதி துரை. காலையில் இலைக்குத் தண்ணீர் தெளிப்பார், ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார், தொட்டியில் கரித்தூள் போடுவார். பெற்ற பிள்ளைக்கு ஒரு நாள் மூக்குத் துடைத்ததில்லை.

"அம்மிக்கல்லையாவது ஏத்துங்க" என்றேன்.

"அது எங்க ஓடிடப் போகுது? இது வாயில்லா ஜீவன்."

அம்மி வீட்டிலேயே கிடந்தது.

கொட்டகை என்றால் மூங்கில் தட்டி, மேலே கொஞ்சம் கீற்று. சுற்றிலும் பொட்டல், மாசி வெயில். வாசலில் வைத்த ஃபெர்ன் ஒரே பகலில் நுனி கருகியது. இவர் முகமும் கருகியது. மறுநாள் நான் கிணற்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் தொட்டிகள் எல்லாம் உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் பாயும் அடுப்பும் குழந்தையும் வெளியே.

"அதுக்கு நேர் வெயில் ஆகாது" என்றார், டாக்டர் மாதிரி.

"குழந்தைக்கு ஆகுமா?"

"சாயங்காலம் தணிஞ்சிடும். முந்தானையப் போட்டு மூடு."

பக்கத்துக் கொட்டகையில் ஒரு கொள்ளேகாலத்துக்காரி இருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய உக்காந்திருக்கறீங்க? உள்ள ஆரு பெத்துப் படுத்திருக்கறது?"

"செடிம்மா. தலைப்பிரசவம். காத்துப் படக்கூடாதாம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்கத் தெம்பில்லாமல் துவண்டது. தொட்டால் சுட்டது.

அந்த நேரம் பார்த்து பிளேக் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஓர் ஆள், கையில் பினாயில் வாளி. கொட்டகை கொட்டகையாகப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை. சூடாக இருந்தால் பிளேக் ஆஸ்பத்திரி. அங்கே போன குழந்தை எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

என் குழந்தையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். "ஜ்வர இதெ" என்று பின்னால் நின்றவனைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார். ஜுரமாம்.

"பல் முளைக்குது சார்" என்றார் என் கணவர்.

"பல்லுமில்ல, காய்ச்சலுமில்ல" என்றேன். "பொழுது முழுக்க வெயில்ல கிடக்குது. உள்ள இடமில்ல. ஏன் இல்லன்னு நீங்களே குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். எலி செத்த வீட்டு மண் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்பது உத்தரவு. "இது எங்கிருந்து வந்தது?"

"இங்க வந்தப்புறம் வாங்கினது சார்" என்றார் என் கணவர். அந்தப் பொட்டலில் ஃபெர்ன் கடை வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, "நிஜ ஹேளம்மா" என்றார்.

உண்மையைச் சொன்னேன். "எலி செத்த வீட்டுச் செடிங்க. எங்களுக்கு முன்னாடி வண்டியேறினது."

தொட்டிகளை வெளியே இழுத்துப் போட்டு ஒவ்வொன்றிலும் பினாயிலை ஊற்றினார்கள். கொட்டகைக்குள்ளும் தெளித்தார்கள். குழந்தையை நிழலில் போடு, சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.

ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் போட்டேன். ஃபெர்னைத் துடைக்கும் அதே துணிதான். பொழுது சாய்வதற்குள் உடம்பு குளிர்ந்து, குழந்தை பால் கேட்டு அழுதது. இன்ஸ்பெக்டர் வந்தார், நெற்றியைத் தொட்டார், அடுத்த கொட்டகைக்குப் போனார்.

ஃபெர்ன்கள் மறுநாள் தலையைத் தொங்கப்போட்டன. அவற்றின் பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார், உச்சி வெயிலில்.

"கொன்னுட்டியேடி" என்றார்.

"உள்ள வாங்க. இப்ப இடமிருக்கு" என்றேன்.

வரவில்லை. நேர் வெயில் அவருக்கு ஆகும் போலிருக்கிறது.