லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளும் ஒரு வாரண்டி மேஜையும்

பழைய கார் விற்கிற இடத்தில் யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. வாங்க வந்தவர் கேட்காததை நாமாகச் சொல்லாமல் இருந்தாலே பிழைப்பு ஓடிவிடும்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், கார் கம்பெனியின் பெயரில் நடக்கிற பழைய கார் ஷோரூம் ஒன்றில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். வண்டியை விற்பது சேகர். விற்ற வண்டிக்கு ஏதாவது வந்தால், "இதுக்கு வாரண்டி உண்டு, இதுக்குக் கிடையாது" என்று சொல்வது நான். 'உண்டு' என்று நான் சொன்ன நாட்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. உங்களில் யாராவது கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "ரூல்ஸ் அப்படி சார்" என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. கவுன்டருக்கு முன்னால் நின்று அதைக் கேட்டவராக இருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

தட்டிப் பார்ப்பது

முன்பெல்லாம் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்குக் கம்பெனி வாரண்டி தராது. அப்புறம் ஒரு புதுத் திட்டம் வந்தது. எவ்வளவு ஓடிய வண்டியாக இருந்தாலும், கம்பெனி ஆள் வந்து சோதித்துப் பாஸ் பண்ணிவிட்டால், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாசம் வாரண்டி. அதிலிருந்து எங்கள் ஷோரூமில் கூட்டம்தான். மீட்டரைப் பார்த்ததும் வாடிப்போகிற முகம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்ததும் தெளிந்துவிடும்.

பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவரும் அவர் மனைவியும் ஒரு நாள் வந்தார்கள். அவருக்கு வண்டியின் கலர் பிடித்துவிட்டது. அந்த அம்மாதான் வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். கதவைத் திறந்து மூடினார். சேகர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே கூட நடந்தான். கடைசியில் அந்த அம்மா என் மேஜைக்கு வந்து நின்று கேட்டார்: "எங்க கடையில ஒரு குண்டான் வாங்கறவங்களே நாலு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் வாங்கறாங்க. இதை நான் எங்கேம்மா தட்டிப் பாக்கறது?"

சந்தனம் வைத்த புத்தகம்

வண்டி டெலிவரி கொடுக்கிற நாளில் சாவியோடு வாரண்டிப் புத்தகத்தையும் கொடுப்போம். கூடவே ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு மாலை. போட்டோ எடுப்போம். புத்தகத்தைப் பிரித்து, எதற்கெல்லாம் வாரண்டி இல்லை என்கிற பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் நல்ல நேரம் முடிவதற்குள் எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்ற எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள். அந்த நேரத்தில் 'இது வராது, அது வராது' என்று அபசகுனமாகப் படிக்க எனக்கு வாய் வராது.

பனமலைக்காரர் ஒருவருக்கும் அப்படித்தான் மூடிய புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். நாலாம் மாசம் ஸ்டியரிங் மோட்டார் போய்விட்டதென்று வந்தார். புத்தகத்தை ஒரு மஞ்சள் துணியிலிருந்து எடுத்தார். நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் ஸ்கேலை விட்டு மெதுவாகப் பிரித்தேன். ஒட்டியிருந்த பக்கம் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஸ்டியரிங் மோட்டாருக்கு வாரண்டி இல்லை என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. வெட்கப்பட்டார். "சாமிகிட்ட வெச்சத யாருனா பிரிச்சுப் படிப்பாங்களா மேடம்?" என்றார்.

தேய்மானம்

எங்கள் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் இதுதான். பிரேக் பேட், கிளட்ச், பெல்ட், புஷ், எல்லாமே 'தேய்மானம்', வாரண்டி கிடையாது. மே மாசத்தில், மலைப்பாறையெல்லாம் நெருப்பாகக் கொதிக்கும்போது, ஏசி வேலை செய்யவில்லை என்று ஒருவர் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதுவும் தேய்மானம் என்றேன். என் தலைக்கு மேல் இருந்த ஏசியை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தேயாத பார்ட்டுன்னு வண்டியில இன்னா மேடம் இருக்குது, நம்பர் பிளேட்டா?"

சொந்த வண்டி

அனந்தபுரத்து ஏழுமலை எங்களிடம் வண்டி வாங்கிய கதையைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு வராது.

நாற்பத்தைந்து வயசிருக்கும். இருபது வருஷமாக அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். செஞ்சி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு மூன்று வாடகைக் கார்கள் உண்டு. அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று எங்களிடம் வந்தார். மஞ்சள் போர்டு போட்ட ஏழு சீட்டு வண்டி, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது. வெளியே இதைவிடக் குறைவாக ஓடிய வண்டிகள் கிடைத்தன. கம்பெனி வாரண்டிக்காகத்தான் இதை எடுத்தார்.

அவரோடு அவர் மனைவியும் வந்திருந்தார். இந்தத் தடவை நான் புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கத்தைப் படித்தும் காட்டினேன். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, அல்லது பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, எது முதலில் வருகிறதோ அப்போது விழுப்புரத்தில் இருக்கிற கம்பெனி சர்வீஸில் வண்டியை விட வேண்டும். விடாவிட்டால் வாரண்டி போய்விடும். அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. டிரிப்பு டிரிப்பாக அலைகிறவர், தேதியை எங்கே ஞாபகம் வைத்துக்கொள்வது? "கவலைப்படாதீங்கண்ணா, தேதி வந்தா நாங்களே போன் பண்ணுவோம்" என்றேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "பாத்தியா, இனிமே நம்மளுக்கும் போன் பண்ணிச் சொல்றதுக்கு ஆள் இருக்குது" என்றார்.

எடுக்கவில்லை

மாசக் கடைசியில் ஒரு பட்டியல் வரும். சர்வீஸுக்குத் தேதி நெருங்கிய வண்டிக்காரர்களின் பெயர், நம்பர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, 'சொல்லியாச்சு' அல்லது 'எடுக்கவில்லை' என்று கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அன்றைக்குள் பட்டியல் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து திட்டு, மேனேஜரிடமிருந்து எனக்குத் திட்டு.

அன்று என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. மூன்றாம் வகுப்பு, கோலாட்டத்தில் இருந்தாள். நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பட்டியலில் இன்னும் ஒன்பது பேர் பாக்கி. சேகர் என் மேஜைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். அவன் முன்பு இந்த மேஜையில் இருந்தவன். நான் யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தான். ஒன்பது பெயருக்கும் வரிசையாக 'எடுக்கவில்லை' என்று போட்டேன். நாலாவது பெயர் ஏழுமலை. பார்த்தேன். பார்த்துத்தான் போட்டேன். "கூப்ட்டா மட்டும் இன்னா, பாதிப் பேரு எடுக்கவே மாட்டாங்க. நீ கெளம்பு" என்றான் சேகர்.

டவர் இல்லாத இடம்

அடுத்த மாசமே வண்டி நின்றுவிட்டது. அனந்தபுரத்திலிருந்து நிச்சயதார்த்தத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போகிற வழியில், டைமிங் செயின் அறுந்து இன்ஜின் உள்ளே உடைந்துபோனது. தட்டுகளோடு எல்லோரும் வெயிலில் ரோட்டோரம் நின்றார்கள். வேறு வழியில்லாமல் ஏழுமலை தன் பழைய ஓனருக்கே போன் பண்ணி, அவர் வண்டியை வரவழைத்து அவர்களை அனுப்பியிருக்கிறார்.

கிளெய்ம் போட்டோம். பத்து நாளில் பதில் வந்தது. சர்வீஸ் தேதி தாண்டிவிட்டதால் வாரண்டி செல்லாது. வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அழைப்பு விடுக்கப்பட்டது, அவர் அழைப்பை ஏற்கவில்லை. இதை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. படித்தேன். "எனக்கு எந்த போனும் வரலியே மேடம்" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டவர் இல்லாம இருந்திருக்கும்ணா" என்றேன். அவர் தேதி கேட்டார், சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, எனக்காக அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்: "அன்னைக்கு அமாவாசை மேடம். மேல்மலையனூரு கோயிலுக்கு டிரிப்பு போயிருந்தேன். அந்தக் கூட்டத்துல போன் எங்க கெடைக்கும்? என் தப்புதான்."

பஸ் ஸ்டாண்டில்

வண்டியை இருந்த நிலையிலேயே ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மூன்று மாசம் கழித்து ஒரு சாயங்காலம், நான் பஸ் ஏறப் போகும்போது ஸ்டாண்டுக்கு வெளியே இரும்புக்கடைக்காரரின் கார் நின்றிருந்தது. ஏழுமலை அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. என் பஸ் புறப்பட்டுப் போனது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போன் பண்ணவே இல்லை, பண்ணியதாகப் பதிந்தேன், அதை வைத்துத்தான் கம்பெனி மறுத்தது, அன்று டவர் என்று சொன்னதும் பொய்தான் என்று. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார். "மூணு மாசமா வூட்ல என் தப்பு, என் தப்புன்னே சொல்லிக்கினு இருந்தேனே மேடம்" என்றார்.

நல்லது செய்யப் போய்

மறுநாள் கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். அழைப்பு விடுக்கப்படவில்லை, பதிவு பொய், தவறு என்னுடையது, கிளெய்மை மறுபடி பார்க்க வேண்டும் என்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மெமோ கொடுத்தார். வேலை போகவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை. கம்பெனியின் பதில் இரண்டு வரி. நினைவூட்டல் அழைப்பு ஒரு கூடுதல் மரியாதை மட்டுமே. சர்வீஸ் தேதியைக் கவனிப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு. ஆக, நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் பதில் அதேதான். ஆனால் அன்று நான் ஒரு போன் பண்ணியிருந்தால், அவர் விழுப்புரம் போயிருப்பார். கிளெய்ம் இப்படித் திரும்பியிருக்காது. மெமோவில் கையெழுத்து வாங்கும்போது மேனேஜர் சொன்னது இது: "ஒன்னால அவருக்கும் ஒண்ணும் ஆகல, நம்ம பேரும் கெட்டுச்சு."

டீ

போன மாசம் இரும்புக்கடைக்காரர் இன்னொரு வாடகை வண்டி வாங்க எங்கள் ஷோரூமுக்கே வந்தார். வண்டி ஓட்டி வந்தவர் ஏழுமலை. லட்சத்து எண்பதாயிரம் ஓடிய வண்டி ஒன்றைச் சேகர் காட்டினான். ஓனர் கண்ணாடியில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, "கம்பெனி வாரண்டி இருக்குதாமே ஏழுமலை, நீ பாத்துச் சொல்லு" என்றார். ஏழுமலை ஸ்டார்ட் பண்ணி, பானட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "செயின் சத்தம் வருதுணா, இது வேணாம்" என்றார். சேகர் என்னைப் பார்த்தான், நான் எழுந்துபோய் வாரண்டியைப் பற்றி நாலு வார்த்தை பேசுவேன் என்று. நான் எழுந்திருக்கவில்லை. அந்த வண்டியின் சோதனைத் தாளில் 'செயின் சத்தம், மறுபடி சோதிக்கவும்' என்று எழுதினேன்.

அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை போனேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒரு டீ சாப்ட்டுட்டுப் போங்கண்ணா" என்றேன். அவர் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வேணாம் மேடம். ஓனரு வெய்ட் பண்றாரு."

இப்போதெல்லாம் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் நிஜமாகவே போன் பண்ணுகிறேன். சேகர் சொன்னது சரிதான், பாதிப் பேர் எடுப்பதே இல்லை.