பின்பக்க வில்லங்கம்

நிலம் வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பவன் நான். பாட்டுப் புத்தகத்துக்கும் அப்படித்தான். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பாட்டை இன்று அச்சடித்து விற்பவர், எங்கெங்கே கை வைத்தார் என்று கடைசிப் பக்கங்களில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அட்டை எவ்வளவு பளபளத்தாலும் வாங்க மாட்டேன்.

என் மனைவி மலைமேல் கரியாலூரில் தங்கி வேலை பார்க்கும் டீச்சர்; எங்கள் வீடு கீழே கள்ளக்குறிச்சியில். சென்னையில் ஒரு பாடகர் குழு தனிக்குரலுக்கு ஆள் தேடியது. லூட் என்ற நரம்பு வாத்தியத்தோடு பாடும் அந்தக் காலத்துப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்ட வேண்டும். அவள் பத்து வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு. புத்தகம் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. ஒன்றில் லூட்டையே தூக்கிவிட்டுப் பியானோ போட்டிருந்தார்கள். இன்னொன்றில் சொல்லாமல் கொள்ளாமல் சுருதியை ஏற்றியிருந்தார்கள். மூன்றாவதில் குரல் வரிக்குக் கீழேயே லூட்டுக்கான விரல் குறிப்பு இருந்தது. பின்னால் ஒன்பது பக்கத்துக்குத் திருத்தப் பட்டியல். இதுதான் என்றேன்.

கள்ளக்குறிச்சியில் பாட்டுப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, என் கிட்டாரோடு மலை பஸ் ஏறினேன். கிட்டாரின் மூன்றாம் கம்பியை அரைச் சுருதி இறக்கி, லூட் மாதிரி வாசித்தேன். ஓரிடத்தில் அவள் குரலும் என் கம்பியும் உரசின. தாளைப் பார்த்தால் அவளுக்கு எஃப், எனக்கு அதற்கு அரைச் சுருதி மேலே எஃப் ஷார்ப்.

“அச்சுப் பிழை” என்று அவள் தாளில் பேனாவாலேயே ஷார்ப் போட்டேன்.

“இன்னாங்க, இது அழுவுற பாட்டுங்க. அந்த எடத்துல கொஞ்சம் கடிச்சாதான் நல்லாருக்குது.”

“இவ்ளோ புத்தகம் பாத்த எனக்குத் தெரியாதா? சொன்னா கேளு.”

அங்கிருந்த இரண்டு நாளும் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தித் திருத்தினேன். மூன்றாம் நாள் காலை இருவரும் கீழே இறங்கினோம். அவளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். பின்பக்கப் பட்டியலில் அந்த இடத்துக்கு ஒரு குறிப்பு இருந்தது: உரசல் மூலத்திலேயே உள்ளது, பிழையென்று மாற்ற வேண்டாம். போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள். அவளுடைய பத்து வருஷத்தை ஒரு பேனாவால் கெடுத்துவிட்டோமே என்று பயந்தேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

“என்னை எடுத்துக்கினாங்க!”

“அந்த எஃப்?”

“அச்சுல இருந்தபடியேதான் பாடுனேன். எந்தப் பதிப்புன்னு கேட்டாங்க.”

“இன்னா சொன்ன?”

“எங்க வூட்டுக்காரரு பேனா படறதுக்கு முன்னால இருந்த பதிப்புன்னு சொன்னேன்.”